தம்பி பங்கில் போட்ட தண்டவாளம்

என் ரயில் பாதையின் மொத்த நீளம் நூற்றுப் பத்து அடி. அதில் ஏறக்குறையப் பாதி என் தம்பியின் இடத்தில் இருந்தது. இதை நான் அவனிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த தடவை போனில் சொல்லலாம் என்று மூன்று வருடத்தை ஓட்டிவிட்டேன். போன புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து வழக்கம்போல் பேசியவன், பேச்சோடு பேச்சாக, "ஆயுத பூஜைக்கு வர்றேண்ணே. இந்தத் தடவ கொல்லைய அளந்து கல்லு போட்டுரலாம். சர்வேயர்கிட்ட சொல்லி வைங்க" என்றான். சரிடா என்றேன்.

எங்கள் வீடு நீடாமங்கலத்தில், ரயில்வே கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கேட் போட்டால் ரோட்டில் லாரியும் பஸ்ஸும் நெடுக நிற்கும். ஊரே சபிக்கும் அந்த நேரத்தில் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு நிம்மதியாக ரயில் பார்க்கிற ஒரே ஆள் நான்தான். எனக்கு உரக்கடை. வயது ஐம்பத்து மூன்று. இந்த வயதில் கொல்லையில் பொம்மை ரயில் விடுகிறவனைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று தெரியும். பொம்மை என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்களுக்கு நானும் நன்றாகக் கொடுத்திருக்கிறேன்.

சென்னையில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து எஞ்சினையும் நான்கு பெட்டிகளையும் வாங்கிவந்தேன். எஞ்சின் ஒரு முழ நீளம் இருக்கும். வெயிலிலும் மழையிலும் வெளியே ஓடுவதற்கென்றே செய்த வகை அது. பாதை பித்தளை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே நாலரை சென்டிமீட்டர் இடைவெளி. மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் தண்டவாளத்தில்தான் வரும். கை வைத்தால் ஒன்றும் செய்யாத அளவு மின்சாரம்தான், சக்கரம் அதை எடுத்துக்கொள்ளும். அதனால் தண்டவாளத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு காய்ந்த இலைச்சாறு படிந்திருந்தால்கூட வண்டி நின்றுவிடும். தினமும் கடை திறக்கும் முன்பு ஸ்பிரிட் நனைத்த துணியோடு நூற்றுப் பத்து அடியும் குந்தியபடியே துடைத்துக்கொண்டு போவேன். ராத்திரி நத்தை ஏறிப்போன தடம் இருக்கும். தென்னங்குரும்பை விழுந்து கிடக்கும். சில நாள் நண்டு வளை போட்டிருக்கும். வரப்பைக் குடைகிற அதே வயல் நண்டுதான், வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கொல்லை வரைக்கும் வந்துவிடும். அது ஜல்லிக்கு அடியில் மண்ணை எடுத்தால் அந்த இடத்தில் பாதை உட்கார்ந்துபோகும்.

நண்டைவிட மோசம் எங்கள் மண். கோடையில் களி வெடித்து, கையை விட்டால் மணிக்கட்டு வரை உள்ளே போகும். மழை பெய்தால் ஊதிக்கொண்டு மேலே வரும். முதல் வருடம் மண்மேல் நேராகப் போட்ட பாதை பாம்பு மாதிரி நெளிந்துபோனது. இரண்டாம் வருடம் ஆத்திரத்தில் ஓரடி அகலத்துக்குப் பள்ளம் எடுத்து, கம்பி கட்டி, கான்கிரீட் படுகையே போட்டுவிட்டேன். அதன்மேல் சன்ன ஜல்லி, அதன்மேல் பாதை. அப்படிப் போட்டதை லேசில் பெயர்க்க முடியாது. அது எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

தம்பி பங்குக்குள் ஏன் போனேன் என்றால் ரயில் திரும்ப வேண்டும். அப்பா போன பிறகு நாங்கள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டது இது: வீடு எனக்கு, கொல்லையில் மேற்குப் பாதி எனக்கு, கிழக்குப் பாதி அவன் வீடு கட்டிக்கொள்ள. நடுவில் நிற்கும் பூவரசு எல்லை. என் பாதியில் கிணறு, செப்டிக் டேங்க், துவைக்கிற கல், மோட்டார் கொட்டகை எல்லாம் போக மிஞ்சியது எட்டடி அகலம்தான். இந்த எஞ்சின் வட்டமாகத் திரும்பப் பத்தடி அகலம் வேண்டும். இரண்டடிதான் குறைந்தது. இரண்டடிக்காகப் பூவரசைத் தாண்டினேன். தாண்டிய பிறகு அந்தப் பக்கம் சும்மா கிடக்கிறதே என்று தென்னைகளைச் சுற்றி, வடிகாலுக்கு மேல் சின்னப் பாலம் கட்டி, நீளமாக ஒரு வளைவு எடுத்துவிட்டேன். தம்பியின் மனைவியும் மகளும் திருச்சியில் இருந்தார்கள், மகளின் படிப்புக்காக. லீவுக்கு வந்தால் அவன் அங்கேதான் தங்குவான். எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வந்து, கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அவன் எங்கே இனி இங்கே வரப்போகிறான்?

என் கடை பெஞ்சில் உட்கார்ந்து விவசாயிகள் சொல்லுகிற கதை முக்கால்வாசி இதுதான். அண்ணன் வரப்பைச் சீவி ஒரு அடி எடுத்துக்கொண்டான், தம்பி போர்வெல்லைத் தன் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டான். அப்புறம் தாலுக்கா ஆபீஸ், கோர்ட், ஒரே வீட்டுச் சாவில் இரண்டு பக்கமாகத் தனித்தனியே நிற்பது. உர மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நானும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். கேட்காமல் எடுத்தவன்மேல்தான் தப்பு, அது ஒரு அடியானாலும் ஒரு ஏக்கரானாலும் என்று. நான் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனவர்கள் முகமெல்லாம் அந்தப் புரட்டாசியில் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

சர்வேயரிடம் சொல்லி வைத்தேன். ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள் வருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குக் கடையில் கணக்கு ஓடவில்லை. யூரியா கேட்டவருக்குப் பொட்டாஷ் எடுத்துக்கொடுத்தேன். போனில் சொல்லிவிடலாம் என்று எடுப்பேன், மணி அடிக்கும் முன்பே வைத்துவிடுவேன். பெயர்த்துவிடலாம் என்று ஒரு நாள் கடப்பாரையோடு பூவரசைத் தாண்டினேன். ஒரு துண்டுப் பாதையைக் கழற்றி வைத்துவிட்டுக் கான்கிரீட்டில் இரண்டு போடு போட்டேன். கை விரைத்தது, படுகை அசையவில்லை. சரியாகப் போட்டுத் தொலைத்திருக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, கழற்றிய துண்டைத் திரும்ப மாட்டி, ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்தேன். பெயர்க்க வந்தவன் மட்டம் பார்க்கிறேன். என்ன புத்தி இது?

என் மனைவி துணி உலர்த்திக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன் பண்ணி ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சுபோற விஷயம்" என்றாள்.

"சொன்னா எடுன்னு சொல்லுவான்."

"சொல்லட்டும். அவங்க எடம்."

"எடுத்துட்டா வண்டி எங்க திரும்பும்?"

அவள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துக் கொடியில் மாட்டினாள். "நீங்க பயப்படுறது தம்பிக்கா, ரயிலுக்கா?" என்றாள்.

எரிந்து விழுந்தேன். பதில் இருந்தால் எரிந்து விழுந்திருக்க மாட்டேன்.

கடைசியில் ஒரு யோசனை செய்தேன். ஓடுகிற ரயிலைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும், நான் பார்த்திருக்கிறேன். என்னைக் கேலி செய்தவர்கள்கூட வண்டி பாலத்தைக் கடக்கும்போது வாயை மூடிக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள். அதனால் ஆயுத பூஜை அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனைக் கொல்லைக்கு அழைத்துப்போவது. முதலில் வண்டியை ஓட்டிக் காட்டுவது. அவன் சிரித்த பிறகு விஷயத்தைச் சொல்வது. அதற்காக ஒரு வாரம் உழைத்தேன். நண்டு வளைகளை அடைத்தேன். மூட்டுகளைப் பிரித்துத் தேய்த்துப் பூட்டினேன். சக்கரங்களைப் பஞ்சால் துடைத்தேன். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது பத்துச் சுற்று நிற்காமல் வந்தது.

அன்று இருட்டும் நேரத்தில் தம்பி வந்தான், திருச்சியிலிருந்து தனியாக. இளைத்திருந்தான். சட்டை தோளில் நிற்கவில்லை. "என்னடா இப்படி இருக்க?" என்றதற்கு, "சாப்பாடு சரியில்லண்ணே" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டான். வேறு நாளாக இருந்தால் தோண்டிக் கேட்டிருப்பேன். எனக்கு அன்று அவன் கண் கொல்லைக் கதவுப் பக்கம் போகிறதா என்பதுதான் கவலை. கைகழுவ எழுந்தவனை, "கொல்லப் பக்கம் சேறாக் கெடக்கு, உள்ளேயே கழுவிக்க" என்று மறித்தேன். அவன் உள்ளேயே கழுவிக்கொண்டான்.

காலையில் கடைக்குப் போய்விட்டேன். தராசு, ஸ்பிரேயர்கள், பில் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டு வீடு திரும்பப் பன்னிரண்டு ஆகிவிட்டது. தம்பியைக் கூடத்தில் காணோம். மனைவி வடைச் சட்டியிலிருந்து நிமிராமல், "பின்னாடி இருக்காங்க" என்றாள்.

கொல்லைக் கதவைத் தாண்டியவன் முதலில் பார்த்தது தம்பியை அல்ல, எஞ்சினை. கொட்டகையிலிருந்து எடுத்துப் பாதைமேல் நிறுத்தியிருந்தது. ஈரத்துணியால் துடைத்த தடம் காயவில்லை. நெற்றியில் மூன்று விரல் விபூதிப்பட்டை, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். லாரிக்கு டயருக்கு டயர் வைப்பார்களே, அந்த மாதிரி ஒவ்வொரு சக்கரத்திலும் குழைத்த சந்தனப் பொட்டு. நான்கு பெட்டிகளுக்கும் அப்படியே. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தண்டவாளத்தில் இரண்டடிக்கு ஒரு பொட்டாகச் சந்தனம், பூவரசைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, சுற்று முழுக்க. முன்சக்கரத்துக்கு முன்னால் வழக்கப்படி ஓர் எலுமிச்சம்பழம். அது சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் ஒரு முறை உறுமிவிட்டு அடங்கியது. வேகம் கூட்டுகிற குமிழைத் திருகினேன். ஒன்றுமில்லை. சந்தனம் காய்ந்து சக்கரத்தில் ஓடு கட்டியிருந்தது. ஒரு வார உழைப்பு, ஒரு மாதப் பயம், என் ஒரே யோசனை எல்லாம் போயிற்று.

"எவன் இதுல கைய வச்சது?" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நான்தாண்ணே" என்று தென்னைக்குப் பின்னாலிருந்து தம்பி வந்தான். கையில் சந்தனக் கிண்ணம். "ஆயுத பூஜையாச்சேன்னு. ஸ்கூட்டர நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க, வீட்ல வண்டின்னு நிக்கிறது இதுதானே."

"ஒனக்கு எதாவது தெரியுமா? தண்டவாளத்துல கரண்ட் வருது, சந்தனத்தப் பூசி வச்சிருக்க. ஒருத்தர் பொருளத் தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

சொல்லி முடித்த அந்த நொடியே எனக்குக் கேட்டுவிட்டது, நான் என்ன சொன்னேன் என்று. அவன் பூவரசுக்குக் கிழக்கே நின்றுகொண்டிருந்தான். பாதை அவன் இரண்டு கால்களுக்கும் நடுவே போயிற்று. அவன் குனிந்து அதைப் பார்த்தான். கிண்ணத்தைப் பாலத்தின் ஓரம் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்ணே" என்றான்.

"எது?"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மேப்பைத் திறந்து, விரலால் விரித்து விரித்துக் காட்டினான். மேலிருந்து எடுத்த படத்தில் எங்கள் ஓடு, மோட்டார் கொட்டகையின் தகரம், தென்னந்தலைகள். அவற்றுக்கு நடுவே வெளுத்த கோடாக என் கான்கிரீட் படுகை, அவன் பாதிக்குள் போய் வளைந்து திரும்பியது. "வெள்ளிக்கிழம லீவுல ரூம்ல படுத்துக்கிட்டு இதத்தான் பாப்பேன். மொதல்ல வாய்க்கா வெட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன். அப்புறம் அண்ணி சொன்னாங்க, ரயிலுன்னு. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவள் சொல்லியிருக்கிறாள். இத்தனை நாளும் அவன் வெள்ளிக்கிழமைதோறும் இதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து, மழை உண்டா, நடவு ஆச்சா என்று கேட்டிருக்கிறான். நானும் மழையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன்.

"அளக்கறது எதுக்குடா? விக்கவா?" என்றேன்.

"விக்கவா? கட்டறதுக்குண்ணே. அங்க கம்பெனிய மூடறாங்க. டிசம்பரோட முடியுது. வேற எடத்துல எடுப்பாங்கன்னு நாலு மாசமா அலஞ்சு பாத்தேன், இந்த வயசுல எவனும் எடுக்கல. திருச்சில நமக்கு என்ன இருக்கு? ரெண்டு ரூம் போட்டா போதும். இங்க வந்துரலாம்னு."

அவன் இளைத்ததற்குக் காரணம் என் முன்னால் வந்து நின்றது. வேலை போன தம்பி, ஐம்பதை நெருங்குகிறவன், ஊருக்குத் திரும்பி வருகிறேன் என்கிறான். அண்ணனுக்கு முதலில் வந்திருக்க வேண்டிய நினைப்பு வேறு. எனக்கு வந்தது இது: அப்படியானால் வளைவை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? இதை எழுதவே கூசுகிறது. ஆனால் அதுதான் வந்தது. வந்தது என் முகத்திலும் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவன் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துடறேன்டா. கேக்காம போட்டது தப்புதான்" என்றேன்.

"எடத்துக்காகச் சொல்லலண்ணே." அவன் தண்டவாளத்தை ஒட்டிக் குந்தி உட்கார்ந்தான். "ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா, நான் திரும்பி வருவேன்னு நீங்க நெனச்சிக்கிட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

நினைத்தேன்டா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அது பொய். கான்கிரீட் போட்டவன் நான். வருகிறவன் இடத்தில் யாரும் கம்பி கட்டிக் கான்கிரீட் போட மாட்டார்கள். வடை ஆறுகிறது என்று உள்ளேயிருந்து மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"ஓட்டிக் காட்டுங்க. மேலேருந்துதான் பாத்திருக்கேன்" என்றான் தம்பி.

ஸ்பிரிட் பாட்டிலையும் இரண்டு துணிகளையும் எடுத்துவந்தேன். அவன் பக்கத்தை அவன் துடைத்தான், என் பக்கத்தை நான் துடைத்தேன். ஒரு பொட்டை எடுக்க ஐந்தாறு தடவை தேய்க்க வேண்டியிருந்தது. சாப்பிட்ட பிறகும் தொடர்ந்து, நான்கு மணிக்குத்தான் முடிந்தது. நெற்றியில் வைத்ததை மட்டும் விட்டுவிட்டேன். எலுமிச்சம்பழத்தை எஞ்சினால் நசுக்க முடியவில்லை, உருட்டிக்கொண்டே போயிற்று. அவனே குதிகாலால் நசுக்கிவிட்டான். வண்டி ஓடியது. அவன் பாதிக்குள் நுழைந்து, தென்னையைச் சுற்றிப் பாலத்தில் ஏறும்போது குனிந்து பார்த்தான். சிரிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

சர்வேயர் வந்து அளந்தார். வாய்ப்பேச்சில் சொன்னபடியே பூவரசை ஒட்டிக் கல் நட்டோம். மறுநாள் இருவரும் கடப்பாரை பிடித்தோம். நான் போட்ட கான்கிரீட் இரண்டு நாள் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. "என்னண்ணே, நெசமான ரயிலு போறதுக்கா போட்டீங்க?" என்று ஒரு தடவை கேட்டான். அவ்வளவுதான் அவன் கேலி செய்தது. என் பக்கத்தில் மிஞ்சிய பாதையில் வண்டி இப்போது திரும்புவதில்லை. கிணற்றிலிருந்து எல்லைக் கல் வரை போகும், நிற்கும், பின்னோக்கி வரும். முதலில் பார்க்கச் சகிக்கவில்லை, பழகிவிட்டது.

அவன் வீட்டு அஸ்திவாரத்துக்குக் குழி எடுக்கவைத்துவிட்டு, கம்பெனிக் கணக்கு முடிக்க மஸ்கட் திரும்பினான். கார்த்திகை மழையில் அஸ்திவாரக் குழிகளில் தண்ணீர் நின்றது. நான் காலையில் பாதையைத் துடைத்துவிட்டு மோட்டார் வைத்து அந்தக் குழிகளை இறைத்துவிடுவேன். அவன் இதைச் செய்யச் சொல்லவில்லை. செய்கிறேன் என்று நானும் சொல்லவில்லை.

மார்கழிக் கடைசியில் போன் வந்தது. டிக்கெட் போட்டாயிற்று, சாமான் எல்லாம் கட்டியாயிற்று என்றான். "பொங்கலுக்கு மொத்தமா வந்துர்றேண்ணே" என்றவன், "வரலாம்ல?" என்று கேட்டான்.

அவன் இடத்துக்கு அவன் வர என்னிடம் கேட்கிறான். வாடா, இதையெல்லாம் கேப்பியா, வாடா என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். சரிண்ணே என்றான். நான் சொன்னதை நம்பித்தான் சொன்னானா என்று அந்தச் சரிண்ணேயை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.